ஹூஸ்டனில் இன்னொரு சிவனணைந்தான்

நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ஒரு கல்யாணத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தோம். மோட்டல் டெலிபோன் புத்தகத்தில் தமிழ்ப் பெயர் தேடுவது என் பழக்கம். அகப்பட்டது ‘சிவனணைந்தான்’! வேறு எந்த மனிதருக்கும் இருந்து கேள்விப்படாத அந்தப் பெயர் என் மாமனாருடையது. இங்கே அதுதான் என் கணவரின் கடைசிப் பெயர். அப்படியானால் இந்த ஆளுக்கும் அதே அப்பாவா? மாமனார் மில்ட்ரியில் ஊர் ஊராகச் சுற்றியவர் வேறு. கணவர் குளிக்கப் போன நேரம் போன் செய்தேன்.

“உங்க அப்பா மில்ட்ரியா?”

“இல்லங்க, திருச்செந்தூர்ல வாத்தியார். அப்பாவுக்கு வச்சது எங்க குலசாமி பேரு.”

எங்களுக்கும் அதே குலசாமிதான், எனக்குத்தான் அது உறைக்கவில்லை! அசடு வழிய ஊரையும் காரணத்தையும் சொன்னேன்.

“பரவால்லங்க. போன வருஷம் நியூஜெர்சி வந்தப்போ போன் புக்ல உங்க பேரைப் பார்த்துட்டு என் வைஃபும் எங்கப்பாவைத்தான் சந்தேகப்பட்டா” என்றார்.

இப்போதெல்லாம் ஒரே பெயர் இரண்டு இடத்தில் கண்ணில் பட்டால் முதலில் குலசாமியை விசாரிக்கிறேன். மாமனாருக்கு எழுதும் கடிதத்தில்தான் மரியாதை ஒரு வரி கூடிவிட்டது.