கோப்பி வாசம் பிடிப்பவர்

“எங்க, ஊதுங்க” என்று ஏகாம்பரத்தின் வாயருகே மூக்கைக் கொண்டுபோகிறார் கலியாணசுந்தரம். லாரி ஓட்டும் ஏகாம்பரம் கூச்சத்தோடு ஊதுகிறார். “கோப்பி குடிச்சிட்டீங்களே.” “கோப்பிதானே லா, இன்னும் பசியாறலையே.” இரத்தம் எடுக்கும் ஊசி பெட்டிக்குள் திரும்பிப் போகிறது. “நாளைக்கு வர்றேன்” என்று சைக்கிளை எடுக்கிறார். விடியற்காலையில் காஜா பேராங் ஊர் முழுக்க அவருக்கு இதுதான் வேலை. தமிழ் மறந்து மலாய் பேசும் சிட்டிச் சமூகத்தார் வீடென்றால் இதையே மலாயில் கேட்பார்.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவர் இரசாயனப் பரிசோதகர். வாசம் பிடிபட வேண்டும் என்பதற்காகவே நெடுநாளையப் பொடிப் பழக்கத்தை விட்டுவிட்டார். காலி டப்பா மட்டும் சட்டைப் பையில் இருக்கிறது. யோசனை வந்தால் அதைத் தட்டிக்கொள்வார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். வெறும் வயிற்றில் நம் ஜனங்களின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களையே சோதித்து எழுதியது. வெள்ளைக்காரர்களைவிடச் சற்று அதிகமாக இருப்பதுதான் நமக்கு இயல்பு என்றார். சிங்கப்பூரிலும் கொழும்பிலும் அதை மேற்கோள் காட்டினார்கள். மனிதர் கொஞ்ச நாள் தரையிலேயே நடக்கவில்லை.

அவரைத் தரைக்கு இறக்கியவள் பக்கத்து வீட்டுப் பூங்காவனம். அவர் சொன்ன அளவை நம்பி ஒரு டாக்டர் அவளுக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்று அனுப்பிவிட்டார். காலில் வந்த புண் ஆறவே இல்லை. கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. “அன்னிக்கு ரத்தம் குடுத்தப்ப எல்லாரும் கோப்பி குடிச்சிட்டுத்தான் வந்தோம். நீங்க சாப்பிட்டீங்களான்னுதானே கேட்டீங்க” என்றாள். டின்பாலும் சீனியும் கலந்த கோப்பியை இங்கே யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

சுதந்திரம் வந்திருந்த சமயம். ஆய்வுக்கூடத்தின் வெள்ளைக்காரத் தலைவர் கப்பலேறவிருந்தார். அந்தக் கட்டுரையின் பெயரால் அவருடைய இடம் இவருக்குத்தான் என்று பேச்சு. “ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் பேசாம இருங்களேன்” என்று மனைவி கோகிலா கெஞ்சிப் பார்த்தார். அந்த வாரமே அவர், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சஞ்சிகைக்கு எழுதிவிட்டார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. எனக்கென்னவோ கோகிலாவை நினைத்துத்தான் அதிக வருத்தம்.

பழைய அளவைப் புகழ்ந்து இன்னும் எங்கிருந்தாவது பாராட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. “தப்பு கப்பல்ல போயிருச்சு தம்பி. திருத்தம் சைக்கிள்ல போகுது” என்கிறார். ஆகவே மறுபடியும் வீடு வீடாக, முதலிலிருந்து.

நான் கூடப் போன அன்று பூங்காவனம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போகப் பார்த்தார்.

“கட்டு மாத்தி ரெண்டு நாளாச்சு, சார்” என்றாள். “உள்ள ஆறுதா அழுகுதான்னு தெரியல.”

சைக்கிளை வேலியில் சாய்த்தார். அவள் முன்னால் ஈரத்தரையில் மண்டியிட்டு, கட்டுப் போட்ட காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, கண்ணை மூடி, விரல் இருந்த இடத்தை வெகுநேரம் முகர்ந்து பார்த்தார்.