கரும்புள்ளியும் எவர்சில்வர் கொக்கியும்

சாந்தோம் கோயில் வட்டாரத்தில் அல்போன்சா என்ற பெயரில் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். புள்ளி அல்போன்சா ஒருத்திதான். மேற்கு மாம்பலத்தில் எனாமல் பலகை செய்யும் பட்டறையில் கடைசி மேஜை அவளுடையது. தெருப் பெயரோ, கடைப் பெயரோ, வீட்டு எண்ணோ, உலையில் வெந்து வந்த பலகை அவள் கண்ணுக்குத் தப்பி வெளியே போக முடியாது. வெள்ளைப் பரப்பில் கடுகளவு கரும்புள்ளி இருந்தால் போதும், சின்னச் சுத்தியலை எடுத்து நடுமுகத்தில் ஒரு போடு போடுவாள். எனாமல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அப்புறம் அதை இரண்டாந்தரம் என்று சொல்லிக்கூட யாரும் விற்க முடியாது.

"ஒரு புள்ளிதானே?" என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு கதை இருந்தது. தி. நகரில் ஒருவர் பலசரக்குக் கடைக்குப் பலகை வாங்கிப் போய் மாட்டினார். 'ல'வின் தலையில் ஒரு புள்ளி விழுந்திருந்தது. பல்சரக்குக் கடை ஆகிவிட்டது. பல் செட்டு எவ்வளவு என்று தெருவே அவரைக் கேலி செய்தது. வேறு பாஷையில் புள்ளி வெறும் அழுக்காக இருக்கலாம், தமிழில் அது எழுத்தின் உயிரையே வாங்கிவிடும் என்பாள். அதில் தப்பு என்ன இருக்கிறது?

பட்டறை முதலாளி அய்யாதுரை சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்துப் பெரும்புள்ளி ஆனவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். பாத்திரத்தில் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல். அந்தத் துண்டை வைத்தே கடையைத் தூக்கி நிறுத்திய மனிதர், பட்டறையையும் அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். உலைக்குள் பலகைகளைத் தொங்கவிடும் இரும்புக் கொக்கிகளைத் தினமும் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. எழுபத்தொன்றாம் வருஷத் தொடக்கத்தில் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் கொக்கிகள் செய்து கொடுத்தார்.

"பேரே எவர்சில்வர். என்னைக்கும் வெள்ளிதான். இனிமே தேய்க்கவே வேண்டாம்," என்றார்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் மாதம் பலகைகளில் புள்ளி விழ ஆரம்பித்தது. முதலில் பத்துக்கு ஒன்று, பிறகு பத்துக்கு நாலு. அல்போன்சா ஒரு நாள் விடுப்பில் இருந்தபோது அவசரமாக அனுப்பிய நாற்பது பலகைகள் ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து அப்படியே திரும்பி வந்தன.

அய்யாதுரைக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. குழைத்த எனாமலைத் தகட்டில் ஊற்றுகிறவர்கள் ஐந்து பெண்கள். பட்டினப்பாக்கத்துத் தங்கபுஷ்பமும் அவர்களில் ஒருத்தி. அவர்கள் தலையில் எண்ணெய், பூ, கண்ணில் மை. புள்ளி அங்கிருந்துதான் வருகிறது! கொக்கியைச் சந்தேகப்பட்டால் அவருடைய எவர்சில்வரையே சந்தேகப்பட வேண்டுமே. அதைவிட ஐந்து பெண்களைச் சந்தேகப்படுவது சுலபம்.

அடுத்த திங்கட்கிழமை பெண்கள் நுழையும் கதவில் ஒரு புத்தம்புது எனாமல் பலகை தொங்கியது. 'கவனம்' என்று தலைப்பு. அதன் கீழே, 'பெண்கள் பூ, எண்ணெய், மை வைத்து உள்ளே வரக் கூடாது.' அதே காலையில் முதலாளி ஒரு கடிதத்தை அல்போன்சாவின் மேஜையில் வைத்தார். புள்ளிகளுக்கு ஊற்றும் பெண்களின் கவனக்குறைவே காரணம், ஐவரும் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள் என்று வாடிக்கையாளருக்கு எழுதியிருந்தது. பலகைகளைச் சோதிப்பவள் என்ற முறையில் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டா மேசை உனக்கு, எம்மா. போடலன்னா ஆறாவது ஆளா நீயும் கெளம்பிர வேண்டியதுதான்."

முப்பத்தாறு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. இந்த மேஜையை விட்டால் வேறு மேஜை கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தங்கபுஷ்பத்தைக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுகிற கடிதத்தில் தன் பேரை எழுத அவள் கை வளையவில்லை.

"அந்தச் சூட்டுல பூவும் மையும் நிக்குமா மொதலாளி? எரிஞ்சி பூடாது?" என்றாள். "சரி, அத்த வுடுங்க. கதவுல மாட்டிக்கீறீங்களே, அந்தப் பலகைய என்னிக்கு சுட்டீங்கோ?"

"நேத்து."

"நேத்து ஞாயித்துக்கெழம. நாங்க ஆறு பேரும் லீவு. ஊத்துனதும் ஆம்பளைங்க, சுட்டதும் ஆம்பளைங்க. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார்கள். கொக்கி மாட்டும் துளைக்கு நேர் கீழே, 'வ'வின் தலையில் ஒரு கரும்புள்ளி உட்கார்ந்திருந்தது. 'கவ்னம்.' தங்கபுஷ்பம் அதை வாய்விட்டுப் படித்தாள். யாரோ கொல்லென்று சிரித்தார்கள். உலை பார்க்கும் ஷாஹுல் ஹமீது மட்டும் சிரிக்காமல் அந்தத் துளையையே பார்த்தான்.

"நானும் சொல்லணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்க்கா. உலையிலேர்ந்து வெளிய இழுக்கும்போது கொக்கி பட்டு பட்டுன்னு சவுண்டு குடுக்குது," என்றான்.

அய்யாதுரை உலைப் பக்கம் போய், சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கொக்கியில் வைத்தார். ஒட்டவில்லை. "அசல் சரக்கு. இதுக்கு மேல என்ன மயித்தக் கண்டுட்டீங்க?" என்று சத்தம் போட்டார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. கொக்கிதான் காரணம் என்று காட்ட ஐந்து நாள் கெடு கொடுத்துவிட்டுப் போனார். கடிதத்தை எடுத்துப் போகவில்லை. அல்போன்சா அதன்மேல் சுத்தியலைத் தூக்கி வைத்தாள்.

அன்று மாலை வீட்டில் டீக்குத் தண்ணீர் வைத்தபோது ஹீட்டர் காயில் செக்கச்செவேலென்று எரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து வருஷமாகத் தினமும் பழுக்கிறது, ஆறுகிறது. ஒரு தூசு உதிர்ந்து அவள் பார்த்ததில்லை. தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு நேரே லஸ் முனையில் இருந்த எலெக்ட்ரிக் கடைக்குப் போய், காயில் ஏன் உதிர்வதில்லை, எவர்சில்வர் கொக்கி ஏன் உதிர்கிறது என்று கேட்டாள்.

"காயில் கம்பி நிக்ரோம், அம்மா. முக்கால் பங்குக்கு மேல நிக்கல், மிச்சம் குரோமியம்," என்றார் கடைக்காரர் ஷரஃபுதீன். "எல்லா உலோகமும் சூட்டுல மேல ஒரு தோல் கட்டும். எவர்சில்வர் பழுத்துப் பழுத்து ஆறுனா அந்தத் தோல் வெடிச்சி உதிரும். இதுக்கு ஒடம்போட ஒட்டிக்கும்." தடித்த கம்பியாக ஒரு முழம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஷாஹுல் ஹமீது அந்தக் கம்பியை முறுக்கிக் கொக்கியாக வளைத்தான். ஒரு பலகை பழைய எவர்சில்வர் கொக்கியில், பக்கத்தில் ஒரு பலகை புதுக்கொக்கியில். இரண்டும் ஒரே உலை, ஒரே சூடு. அல்போன்சா அதோடு விடவில்லை. ஐந்து பெண்களையும் கூப்பிட்டாள்.

"இந்த நாலு நாளும் பூ வச்சிக்கினு, எண்ண தடவிக்கினு, மை இட்டுக்கினு வாங்கடி. புள்ளி நம்மாலன்னா ரெண்டு பலகையிலும் வுழட்டும்."

மல்லிகை என்றாலே அவளுக்குத் தலைவலி. அவளும் இரண்டு முழம் வைத்துக்கொண்டு வந்தாள். 'கவ்னம்' பலகைக்குக் கீழே ஆறு தலைகள் கமகமவென்று உள்ளே போயின. அய்யாதுரை பார்த்தார், பல்லைக் கடித்தார், கெடு முடியட்டும் என்று சும்மா இருந்தார்.

நாலு நாளில் ஒவ்வொரு கொக்கியும் நூறு தடவை உள்ளே போய் வந்தது. சனிக்கிழமை காலை இரண்டு வரிசைப் பலகைகளையும் மேஜையில் பரப்பினார்கள். எவர்சில்வர் வரிசையில் பதினேழு பலகைகளில் புள்ளி. கொக்கியை நகத்தால் கீறினால் மீன் செதில்போலக் கறுப்புத் தோல் கையோடு வந்தது. நிக்ரோம் வரிசையில் அல்போன்சாவின் கண்ணுக்கே ஒன்றும் அகப்படவில்லை.

அய்யாதுரை புதுக்கொக்கியில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். அதிலும் ஒட்டவில்லை. "ரெண்டுலயும் ஒட்டலியே. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?"

"காந்தத்துக்கு ஒண்ணுதான் மொதலாளி. நெருப்புக்கு வேற."

"நிக்கலுக்கு நான் எங்க போவேன்? ஊரெல்லாம் தட்டுப்பாடுன்னு சொல்லுதாங்க."

"உலை பூரா யார் கேட்டாங்கோ? பலகைக்கு மேல இருக்கற கொக்கியும் கம்பியும் மட்டும் நிக்ரோம். கீழ இருக்கறது எவர்சில்வராவே கெடக்கட்டும். அது உதுந்தா தரையிலதான் வுழும்."

அய்யாதுரை காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, வாங்கிருவோம். ஒருத்தரும் போக வேண்டாம்," என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆனா கதவுல அந்தப் பலகை கெடக்கட்டும். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கணும்லா?"

அல்போன்சாவுக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. தோற்ற பிறகும் குற்றப்பத்திரிகையைக் கழற்ற மனசு வராத மனுஷன்! ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றி எடுத்துவந்து, தன் மேஜையில் மற்றப் பலகைகளைப் போலவே மல்லாக்க வைத்தாள்.

"எம்மா, என்ன செய்யுத?"

"என் வேலைய செய்றேன் மொதலாளி. இதுல புள்ளி கீது. தேறாது."

கடிதத்தின்மேல் இருந்த சுத்தியலை எடுத்து நடுமுகத்தில் ஒரு போடு போட்டாள். தெறித்த சில்லுகளை அந்தக் கையெழுத்தில்லாத கடிதத்தில் கூட்டி அள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். தலையில் மல்லிகை அப்படியே இருந்தது. அடுத்த பலகையைக் கொண்டுவரச் சொன்னாள்.