அப்பா பாடியது 14

என் மகளுக்கு அமைந்து வந்த ஒரு நல்ல சம்பந்தம் தட்டிப்போனதற்கு ஜாதகம் காரணம் என்று எங்கள் உறவினர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தெரியாத்தனமாக வாயை விட்டதுதான் காரணம் என்று என் மனைவி நினைக்கிறாள். இரண்டுமே நான் பரவவிட்டவை. உண்மை வேறு. அதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு சிலர் கோயில் கோயிலாகப் போகிறார்கள். நான் தென்காசியில் ஒரு சின்ன கார் வாங்கி, அதற்குள் ஒரு ஸ்டீரியோ மாட்டினேன். மாட்டிக்கொடுத்தவர் துபாயில் பத்து வருடம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் எழுதிக்கொண்டுபோன பட்டியலைப் படித்துவிட்டு அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சார், இதெல்லாம் அரபி வண்டிக்குப் போடுத சாமான். அந்த வண்டி ஓடுதா நிக்குதான்னு உள்ள இருக்கவனுக்கே தெரியாது. உங்க வண்டி ஸ்டார்ட் பண்ணுனா நமக்குப் பல்லு ஆடுது."

"மாட்டுங்க" என்றேன்.

மாட்டினார். கதவுகளுக்குள் அதிர்வு தாங்கும் தகடுகளை ஒட்டினார். அதன் பிறகு என் கார்க் கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியைச் சாத்துவதுபோல் 'தொப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தத் 'தொப்'பைக் கேட்பதற்காகவே நான் கதவைத் திறந்து திறந்து சாத்தியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "அண்ணாச்சி, கதவு சரியாப் பூட்டலையா?" என்று உதவிக்கு ஓடி வந்தார்.

இனி பாட்டு. சாதாரணமாக எல்லோரும் பென்டிரைவில் வைத்திருக்கும் எம்.பி.த்ரீ பாட்டுகள் சுருக்கப்பட்டவை. காது கவனிக்காது என்று எண்ணி, ஒலியில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்திருப்பார்கள். ஃப்ளாக் என்று ஒரு வகை உண்டு. அதில் எதையும் வெட்டுவதில்லை, கோப்பு பெரிதாக இருக்கும். நான் ஃப்ளாக் கட்சியில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு, கட்சியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தேன். மற்றவர்களின் பென்டிரைவை வாங்கிச் செருகி, இரண்டு வரி கேட்டுவிட்டு, "நூற்றிருபத்தெட்டு கேபிபிஎஸ், மட்டரகம்" என்று வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வதுபோல் சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். என் மைத்துனர் அதன் பிறகு என் காரில் ஏறுவதை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். பஸ்ஸில் பாட்டு நன்றாக இருக்கிறது என்று என் காதுபடச் சொல்லவும் சொன்னார்.

காருக்குள் சட்டங்கள் இருந்தன. காராச்சேவு, பட்டாணி, முறுக்கு கூடாது. பாட்டு ஓடும்போது ஏசி கூடாது. சாரல் பிடித்துவிட்டால் குற்றாலம் சாலையில் வைப்பர் போடாமல் ஓட்ட முடியாது. வைப்பரோ கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று தேய்க்கும். வீணை தனியாக வரும் இடங்களில் வைப்பரை நிறுத்திவிடுவேன்.

"ஏங்க, ரோடு தெரியல" என்பாள் மனைவி.

"இந்த ஒரு இடம் முடியட்டும்."

"நாமளும் சேந்து முடிஞ்சிருவோம் போலிருக்கு."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு ஒரு வருடம் முன்பே திருநெல்வேலியில் ஒரு காது வைத்தியரிடம் நான் பரிசோதனை செய்துகொண்டேன். அவர் கொடுத்த தாளில் என் செவித்திறனைக் காட்டும் கோடு பாதிவரை சமதளமாக வந்து, அதன் பிறகு குற்றாலம் மெயினருவி மாதிரி செங்குத்தாக விழுந்தது. ட்ரெபிள் என்று சொல்லும் மெல்லிய, கூர்மையான ஒலிகள் எதுவும் எனக்குக் கேட்காது என்று அதற்கு அர்த்தம். ஃப்ளாக்கில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நான் ஊரெல்லாம் பிரசங்கம் செய்த பகுதி பெரும்பாலும் அதுதான். அந்தத் தாளை மடித்துப் பழைய கேள்வித்தாள் கட்டுக்குள் வைத்தேன். பிரசங்கத்தை நிறுத்தவில்லை.

என் மகளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஏழு வரன்களை வேண்டாம் என்றவள். எட்டாவதாக சிவகிரியிலிருந்து ஒரு பையன், சென்ற ஆனி மாதம், அப்பா அம்மாவோடும் அக்காவோடும் பெண் பார்க்க வந்தான். அப்பா சிவகிரியில் உரக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நெற்றி நிறைய திருநீறு, அளந்து பேசும் பேச்சு. காபி பலகாரம் முடிந்ததும் பையனின் அம்மா, "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம். இவ்வளவு தூரம் வந்துட்டுக் குளிக்காமப் போகவா?" என்றார். பையனும் பெண்ணும் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்பது அதன் உட்பொருள். அவர்கள் இருவரும் பையனின் அக்காவோடு பையனின் காரில் ஏறினார்கள். பெரியவர்கள் நாங்கள் நால்வரும் என் காரில். உரக்கடைக்காரர் என் பக்கத்தில், பெண்கள் பின்னால்.

சீசன் கூட்டம். ஆறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் நான் ஒலித்தரம் பற்றிப் பாடம் நடத்தினேன். வகுப்பறையில்கூட அவ்வளவு அமைதி எனக்குக் கிடைத்ததில்லை. அவர் "ஓகோ", "அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து உரக் கம்பெனி விளம்பரம் அச்சடித்த ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"நம்மட்டயும் ரெண்டு மூணு பாட்டு கிடக்கு அண்ணாச்சி. உங்க செட்டுல எப்படிக் கேக்குதுன்னு பாப்போமா?"

"போடுங்க, போடுங்க" என்றார் பின்னாலிருந்து அவர் மனைவி. குரலில் சிரிப்பு இருந்தது.

போட்டேன். முன்னால் ஒரு பஸ் நின்றது, நாங்களும் நின்றோம். முருகன் மேல் ஒரு பக்திப் பாட்டு, செல்போன் கரோக்கி இசைக்கு மேல் ஓர் ஆண் குரல். பாட்டு ஓடும்போது அதன் பெயர் திரையில் ஓடுவது என் ஸ்டீரியோவின் சிறப்பு. நான் பழக்கதோஷத்தில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து வாசித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ் வார்த்தைகள்: அப்பா பாடியது 14.

மகன் பெயரிட்டுப் போட்டுக்கொடுத்திருக்கிறான். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் தேவையில்லை.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். மூன்று சொல்கூட இல்லை. நான் சொன்னது இது:

"யாருங்க இது, கிணத்துக்குள்ள இறங்கி நின்னு பாடுதவன்? ட்ரெபிள் மொத்தமும் செத்துக் கிடக்கு. பின்னால ஒரே இரைச்சல். இதையெல்லாம் வச்சிக்கிட்டிருக்கியளே, முதல்ல அழிச்சிருங்க. காது கெட்டுப்போகும்."

பின்னால் சிரிப்பு நின்றது. உரக்கடைக்காரர் பென்டிரைவை மெதுவாக உருவினார். "அழிச்சிரலாம் அண்ணாச்சி" என்றார்.

ஏன் சொன்னேன்? பல நாள் யோசித்துவிட்டேன். பதிவு மோசம்தான். ஆனால் குரல் மோசமில்லை. சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. ஒரு வளைவில் அவர் மூச்சு வாங்காமல் இறங்கிய விதத்தில் எனக்கு முதுகு சிலிர்த்தது. எனக்கு இரண்டு வரி பாட வராது. ஒரு காரையே பிரித்துப் போட்டுப் பூட்டி நான் தேடிக்கொண்டிருந்ததை, இந்த மனிதர் ஒரு செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு செய்துவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லாததால் பதிவில் சொன்னேன். ட்ரெபிள் செத்துக் கிடந்ததும் பாட்டில் இல்லை, என் காதில்.

குற்றாலத்தில் அவர் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டியபடியே இருந்தார், வெகுநேரம். மகள் மட்டும் நனைந்த தலையோடு, முகமெல்லாம் வெளிச்சமாக வந்து அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். புறப்படும்போது அவர்கள் வழக்கப்படி, "போயிட்டுச் சேதி சொல்லுதோம்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "அது அவரே பாடுனதாம். அந்த அம்மா குளிக்கும்போது சொல்லுதாங்க. உங்களுக்குத் தெரியாதுல்லா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை வெளியே விட்ட பிறகு அது தானாகவே நடக்கத் தொடங்கியது. "தெரியாமச் சொல்லிட்டாங்க" என்று மனைவி மகளிடம் சொன்னாள். மகள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "சரி" என்றாள். பிறகு, அந்தப் பையனைப் பற்றி அம்மா கேட்டதற்கு, "கேள்வி கேட்டுட்டுப் பதிலையும் கேக்காரும்மா. எனக்குச் சரிதான்" என்றாளாம். ஏழு பேரை மறுத்தவள் முதல்முறையாகச் சொன்ன சரி.

"ஒரு போன் போட்டு, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்" என்றாள் மனைவி.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் எனக்குக் கைகொடுத்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான் முதலில் சேதி சொல்ல வேண்டும். பெண் வீட்டார் முந்திக்கொண்டு பேசினால் பெண்ணுக்கு மதிப்புக் குறைவு. கல்லூரிக் காலம் முழுக்க இந்த மாதிரி வழக்கங்களைக் கேலி செய்தவன் நான். அன்று அதன் காவலன் ஆனேன். "நாம முந்திப் பேசக் கூடாது. அவங்க சேதி சொல்லட்டும்" என்றேன். ஆனி முடிந்தது. ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று இன்னொரு வழக்கம் வந்து என்னை முப்பத்தொரு நாள் காப்பாற்றியது. சேதி வராததற்கு உறவினர்கள் விளக்கம் கேட்டபோது, "ஜாதகத்துல என்னமோ இடிக்குதாம்" என்று நானே சொல்லிவைத்தேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய போன் மணி அடித்தால் மட்டும் சாப்பாட்டிலிருந்து எழுந்து போவாள். திரும்பி வந்து, "ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு உட்காருவாள். இரண்டு மாதம் இதைப் பார்த்துக்கொண்டு நான் சோறு சாப்பிட்டேன்.

ஆவணி பிறந்து இரண்டாவது வாரத்தில் தாங்கவில்லை. மனைவியிடம் பண்பொழிக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு சிவகிரிக்குப் போனேன். உரக்கடையில் அவர் தராசின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க அண்ணாச்சி. என்ன இம்புட்டுத் தூரம்?" என்று உள்ளே குடோனுக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி. "இங்கனதான் பாடுதது. மூட்டைக்கு நடுவுல எதிரொலி வராதுல்லா" என்று சாதாரணமாகச் சொன்னார். நான் கார்க் கதவுக்குள் ஒட்டிய தகடுகளை நினைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க."

"இல்ல. அது நீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "தெரியும் அண்ணாச்சி. பேரு ஓடுச்சுல்லா. நீங்க கண்ணாடிய ஏத்தி விட்டு வாசிச்சியளே, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வீட்டுல சொன்னியளா?"

"எதுக்கு? மவன் வந்து, 'தெரியாமச் சொல்லிருப்பாரு, நீங்க ஏன் மனசுல வைக்கிய, சேதி சொல்லுங்கப்பா'ன்னு ஒரே பிடி. பேரு ஓடுனதச் சொன்னா மாமனாரைப் பத்தி என்ன நினைப்பான்? நான் சொல்லல. ஆனா மனசு ஆறல. உங்ககிட்டயிருந்து ஒரே ஒரு வார்த்தை, சும்மா சௌக்கியமான்னு ஒரு போன் வந்தாக்கூடப் போதும்னு ஆனி முடியுத வரைக்கும் பாத்தேன். வரல. பொண்ணுக்கு இஷ்டம் இல்ல போல, அதான் பேசாம இருக்காங்கன்னு எங்க வீட்டுக்காரி சொன்னா. மவனும் சரின்னுட்டான்."

நான் அவசரமாக, "பொண்ணுக்கு இஷ்டம்தான்" என்றேன். முந்திப் பேசக் கூடாது என்ற வழக்கம் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

அவர் என்னைப் பார்க்காமல் சாக்கில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தார். "வெள்ளிக்கிழமை பூ வச்சாச்சு அண்ணாச்சி. சங்கரன்கோவில் பக்கத்துப் பொண்ணு."

பூ வைப்பது என்றால் நிச்சயம் செய்துவிட்டது மாதிரி. நான் போனது திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்து மகளின் அறைக்குப் போனேன். அவள் ஹெட்போனைக் கழற்றினாள். நின்றபடியே சொன்னேன். பாட்டு யார் பாடியது என்று அப்போதே எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரியும்பா" என்றாள். "பேரு வராம அந்தச் செட்டுல எந்தப் பாட்டு ஓடியிருக்கு? நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன்."

சிவகிரிக்குப் போனதையும், வெள்ளிக்கிழமை பூ வைத்ததையும் சொன்னேன். அவர்கள் வீட்டில் அவளுக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டதையும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது.

"அவரும் அப்படித்தான் நினைச்சாரா?"

"ஆமா."

மேஜையில் இருந்த போனைத் தள்ளி வைத்தாள். "அம்மாட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஐப்பசியும் வந்துவிட்டது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று முறை அடுப்படி வாசல் வரை போய், மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். நான் எழுதுவதை எல்லாம் முதலில் வாசித்து ஒற்றுப்பிழை திருத்துகிறவள் அவள்தான். இந்தத் தாள்களையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வெளியே போகாமல், அவள் வாசித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.