மூன்று கால் புல்லர்

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. குக்கர் விசில் அடிக்கும் முன்பே அடுக்களையை விட்டு வெளியே வந்து நிற்கிறவள் நான். அதனால் அன்று நான் பயந்ததை அண்ணன் பெரிதாக எடுக்காததற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்லத்தான் செய்கிறேன்.

வெள்ளறடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் மரங்களைப் பார்த்தபடி அவனுடைய ஜீப் நின்றது. எஞ்சினின் முன்பக்கம் ஆயில் ஒழுகியது. ஆயிலை அடைக்கிற சீல் வளையத்தை மாற்ற வேண்டுமென்றால் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். எஞ்சினின் அதிர்வை அடக்குகிற கனத்த இரும்புச் சக்கரம் அது. ரேடியேட்டரை இறக்கி, நடு போல்ட்டையும் எடுத்தாயிற்று. சக்கரம் மட்டும் அசையவில்லை.

அண்ணன் சுத்தியலை எடுத்தான், யோசித்தான், கீழே வைத்தான். பிறகு மிஷின்புரைக்குப் போய் மூன்று கால் புல்லரோடு வந்தான். ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினின் பல்சக்கரத்தைக் கழற்ற எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். மூன்று கால்களும் சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும். நடுவிலுள்ள திருகை முறுக்க முறுக்கச் சக்கரம் வெளியே வரும். போன மழைக்காலத்தில் அதன் கால் ஒன்று, பூட்டியிருந்த ஆணி அறுந்து பறந்து, புரையின் கூரையோடு ஒன்றை உடைத்திருந்தது. உடைந்த ஓட்டை இன்னும் மாற்றவில்லை. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சக்கரம் சுற்றாமல் கம்பியால் முட்டுக்கொடுத்துப் பிடிப்பது என் வேலை. அண்ணன் ஸ்பேனரால் முறுக்கினான். இரும்பு முனகியது.

“போதும்ணா, நிப்பாட்டு.”

“எட்டி, ஒனக்குப் பல்லியக் கண்டாலும் பேடியாக்கும். கம்பிய ஒழுங்காப் பிடி. இன்னும் ஒரு சுத்து, இப்பம் வரும்.”

வரத்தான் செய்தது. ஆனால் வெளி வளையம் மட்டும் கோணலாக முன்னே வந்தது. உள்பாகம் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே கருப்பாக ஏதோ பிதுங்கியது. உற்றுப் பார்த்தேன். ரப்பர். பிறந்ததிலிருந்து ரப்பரால்தான் சோறு தின்கிறோம். இரண்டு இரும்புக்கு நடுவே விரல் கனத்துக்கு அது இருந்தது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

“அண்ணா, நடுவுல ரப்பர் உண்டு!”

“எங்க?” என்று குனிந்தான். புல்லருக்கு நேர் எதிரே முகத்தைக் கொண்டுபோய் வைத்தான். நான் சொல்லித்தான் வைத்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கைகால் ஓடாது. கம்பியைப் போட்டுவிட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மண்ணில் விழுந்தோம்.

படீர் என்று புல்லரின் கால் ஒன்று தெறித்துப் பறந்தது. எங்களுக்குப் பின்னால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டை சிதறியது. பால் மரத்தில் வழிந்தது. அவன் முகம் இருந்த உயரம்தான்.

அண்ணன் கண்ணைத் தொட்டுப் பார்த்தான், மூக்கைத் தொட்டுப் பார்த்தான். நான் ஓவென்று அழுதேன். அவன் கேலி செய்யவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் உதிரிபாகக் கடைக்காரர் பிய்ந்த புல்லியின் போட்டோவைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். “நடுவுல ரப்பர் உள்ளதுக்குக் கால் புல்லர் போடப்பிடாது கேட்டோ,” என்றார். கால்களே இல்லாத ஒரு தட்டையான புல்லரைத் தந்தார். புல்லியின் உள்பாகத்தில் மூன்று திருகுத் துளைகள் இருக்கும், அவற்றில் போல்ட்டை முறுக்கித்தான் இழுக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தோம். துளைகள் இருந்தன. இத்தனை நாளும் ஆயிலும் மண்ணும் அடைத்துக் கிடந்திருக்கின்றன.

அண்ணன் அந்தத் தட்டைப் புல்லரைப் பூட்டினான். கம்பியை இந்தத் தடவை ஜீப்பின் சட்டத்திலேயே முட்டுக்கொடுத்து வைத்தான். நான் எட்டப்போய் நின்றேன். ஸ்பேனரை வைத்தவன் முறுக்காமல் அப்படியே நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“மக்கா, இஞ்ச வா.”

போனேன்.

“காலரப் பிடிச்சுக்கோ,” என்றான்.