காதால் படித்த முதல் ரீல்

பொறாமை கூடாது என்று எங்கள் பள்ளியில் காலை ஜெபத்தில் அடிக்கடி சொல்வார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வேன். கண்ணைத் திறந்தால் முன் வரிசையில் அவள் உட்கார்ந்திருப்பாள். ஜெபம் அவ்வளவுதான்.

யுத்த காலம் அது. தேனியில் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் போடி கடைவீதியில் ஜவுளிக்கடை. என்னை விடுதியில் விட்டிருந்தார். அவள் தேனியிலேயே பெரிய வீட்டுப் பெண். வயலும் தோப்பும் வீரபாண்டி வரைக்கும் அவர்களுடையது. பள்ளிக்கு வில்வண்டியில் வந்து போவாள். அவளுடைய ஜிமிக்கியையோ பட்டுத் தாவணியையோ பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததில்லை. எரிச்சலுக்குக் காரணம் சினிமா.

சந்தைத் திடலில் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். எங்கள் விடுதிக்கும் அதற்கும் நடுவில் ஒரு புளியந்தோப்புதான். விடுதிப் பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆனால் காதை யார் கட்டிப்போட முடியும்? பொழுது சாய்ந்ததும் ஆயில் எஞ்சின் தடதடக்கும். குழாயில் பாட்டு வரும். பாட்டு நின்றால் படம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு ஜெப மணி அடித்துவிடும். வார்டன் அம்மா ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிவிடுவார். ஆகவே எந்தப் படத்திலும் எனக்குத் தெரிந்தது ஆரம்பம் மட்டுமே, அதுவும் சத்தம் மட்டுமே.

அவளோ வீட்டாரோடு நினைத்தபோதெல்லாம் போய்ப் படம் பார்ப்பாள். மறுநாள் மதியம் அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பதற்குள் வகுப்பே சுற்றி உட்கார்ந்துவிடும்.

“மொதல்ல மூஞ்சியே காட்ட மாட்டாக, பிள்ள. பூட்ஸ் காலு மட்டும் மாடிப்படி ஏறும். கை மட்டும் கதவத் தொறக்கும்” என்பாள்.

எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பூட்ஸ் சத்தத்தை அவளைவிட உன்னிப்பாகக் கேட்டவள் நான். ஆனாலும் நாற்காலியில் சாய்ந்து பார்த்தவள் இருக்கும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டவளை யார் மதிப்பார்கள்?

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு ஒரு துப்பறியும் நாடகம் போடலாம் என்று தமிழ் டீச்சர் சொன்னார். எழுதுவதும் நடிப்பதும் நாங்களே. ஆரம்பக் காட்சி சரியாக விழுந்தால் மீதி தானாக வரும், சினிமாக்காரர்கள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று யோசித்து எழுதி வாருங்கள் என்றார். நன்றாக எழுதியவள் பெயரை விழாவில் அவரே அறிவிப்பாராம். சொல்லி முடித்ததும் வகுப்பு மொத்தமும் அவளைத்தான் பார்த்தது. கட்டுரையில் எப்போதும் முதலாவதாக வருகிற என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்து ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதையும் அவள் வில்வண்டியில் ஏற்றி அனுப்ப நான் தயாராக இல்லை.

அன்று முதல் பொழுது சாய்ந்தால் ஜன்னலோரம் எனக்கு. முதலில் ஒரு நாய் குரைக்கும். பூட்ஸ் சத்தம், கதவு கிறீச்சிடுவது, கண்ணாடி உடைவது, ஒரு பெண்ணின் அலறல். பிறகு திடீரென்று எல்லாம் அடங்கிவிடும். கூடாரம் முழுக்க விசில் பறக்கும். சற்றுப் பொறுத்து அதே நாய், அதே பூட்ஸ், அதே அலறல். படம் மாற்றினார்கள். புதுப் படத்திலும் அப்படியேதான். ரயில் ஓடும், துப்பாக்கி வெடிக்கும், அமைதி, விசில், மறுபடியும் அதே ரயில்.

சூட்சுமம் பிடிபட்டதும் எனக்குப் புல்லரித்தது. கொலையை ஒருமுறை காட்டினால் அது வெறும் செய்தி. அதையே மறுபடி காட்டினால், பார்க்கிறவளுக்கு முன்கூட்டியே தெரியும். கதவு திறப்பதற்கு முன்பே தவிப்பு தொடங்கிவிடும். அந்தத் தவிப்பு தாங்காமல்தான் ஜனங்கள் விசிலடிக்கிறார்கள்.

நிச்சயப்படுத்திக்கொள்ள அவளிடமே கேட்டேன்.

“அந்தக் கொலை ரெண்டு தடவ வருதுல்ல?”

“இல்லயே. ஒரு தடவதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு பிள்ள.”

“நாங் கண்ணால பாத்தேன். நீ பாத்தியா?”

ரகசியத்தை அமுக்குகிறாள் என்று முடிவு கட்டினேன். எல்லாம் இருந்தும் இதைக்கூட விட்டுத்தர மனசில்லையே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

டீச்சர் எங்கள் இருவருடைய ஆரம்பங்களையும் வகுப்பில் உரக்கப் படித்தார். அவள் எழுதியதில் பூட்ஸ் கால் இருந்தது. என்னுடையதில் கொலை நடந்து திரை விழும். திரை ஏறினால் அதே கொலை முதலிலிருந்து. “ரெண்டாவது தடவை வரும்போது கை சில்லிட்டுப்போகுது” என்றார் டீச்சர். வகுப்பில் அவளைத் தவிர மற்ற எங்களைப் போலவே அவரும் கூடாரத்துக்குள் கால் வைத்ததில்லை. என்னுடையதே தேர்வாயிற்று. கொலையாகிற வேஷம் அவளுக்கு. ஒத்திகையில் தினமும் அவள் இரண்டிரண்டு முறை செத்து விழுந்ததைப் பார்க்க எனக்கு மெத்தச் சந்தோஷம்.

விழா அன்று பந்தல் நிறைய ஜனம். முன்னால் நாற்காலிகளில் பெரிய வீட்டுக்காரர்கள். முதல் தடவை கண்ணாடி உடைந்து, அவள் அலறி விழுந்து, திரை இறங்கியபோது ஒரு பிள்ளைகூட அழவில்லை. நான் தட்டி மறைவில் நின்றேன். திரை மறுபடி ஏறியது. நாய் குரைத்தது. பூட்ஸ் நடந்தது. இதோ விசில் வரப்போகிறது என்று எட்டிப் பார்த்தேன்.

பந்தல் மொத்தமும் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பெரிய வீட்டு வண்டி வந்துருச்சு போல. மொதல்ல இருந்து போடுறாக” என்றது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்.

“அவுகதான் முன்னாலயே உக்காந்திருக்காகளே. இப்ப வேற யாரு வந்தாக?” என்றது இன்னொரு குரல்.

பந்தலே குலுங்கிச் சிரித்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரிய வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பெண்கள் சாப்பிட்டு, வண்டி பூட்டி வருவதற்குள் கூடாரத்தில் படம் தொடங்கியிருக்கும். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் ஓடுகிற ரீலை நிறுத்தி, திருப்பிச் சுற்றி, முதலிலிருந்து ஓட்டுவார்கள். தேனியில் சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நான் தவிப்பு என்று நினைத்த விசில், தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் ஆத்திரம்.

திரை விழுந்ததும் செத்துக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். “எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாக?” என்று என்னைக் கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. அவள் போய் உட்கார்ந்தால் படம் தொடங்கும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவே. ஒரு தடவைதான் என்று அன்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அவளை ஜெயிக்க நான் காதைத் தீட்டிக்கொண்டு படித்ததெல்லாம் அவள் பிந்தி வந்த சத்தத்தை. டீச்சர் சொன்ன சொல் தவறாமல் என் பெயரை மேடையில் அறிவித்தபோது ஜனங்கள் மறுபடி சிரித்தார்கள்.

இன்றைக்கும் தியேட்டருக்குக் கொஞ்சம் பிந்திப் போனால் கொலை முடிந்திருக்கும். யாரும் எனக்காக நிறுத்துவதில்லை. இருட்டில் தடவித் தடவி இடம் தேடும்போது அவள் ஞாபகம் வரும். வயிறு அன்று எரிந்தது போலவே எரியும்.