மூடச் சொன்னவர்

எங்கள் மேஸ்திரியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் தொங்கும். எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து அரிசி இறக்கும்போது மழை திரண்டால் மூன்று முறை ஊதுவார். உடனே சரக்கறையைப் பலகை அடுக்கி, தார்ப்பாய் இழுத்து மூடிவிட வேண்டும். எப்போது ஊதுவது என்பது அவர் பொறுப்பு. அறுபதுகளில் நான் அங்கே மூட்டைகளைப் பதியும் குமாஸ்தா.

அன்று மூன்று ஐம்பதுக்கு எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் பக்கம் வானம் கறுத்தது. கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். உள்ளே இன்னும் முந்நூறு மூட்டை. மூட அரை மணி, திறக்க அரை மணி. மூடினால் மிச்சம் மெயின்லேண்டுக்கே திரும்பிவிடும். மூடாமல் மழை கொட்டினால் அத்தனையும் நனைந்து வீணாகும். ஊரில் ரேஷன் கடைகள் காலி.

விசில் அவர் உதட்டருகே நின்றது. "என்னப்பா சொல்றீங்க? மூடவா, வேணாமா?"

"பந்த் கரோ மேஸ்திரி, பாரிஷ் பக்கா! நனைஞ்ச அரிசிய உன் பீவியா காய வைப்பா?" என்று, மழை நிச்சயம், மூடிவிடு என்ற பொருளில் கத்தினார் மூட்டை தூக்கும் விஞ்ச் எந்திரத்தை ஓட்டும் தெலுங்குக்காரர்.

"மூடிடலாம்ணே" என்றேன் நான்.

ஊதினார். கடைசிக் கயிற்றை முடிந்தபோது நான்கு இருபது. மேகம் தெற்கே ஒதுங்கிப்போய், பலகைமேல் வெயில் அடித்தது. ஒரு துளி விழவில்லை. ஐந்து மணிக்கு அந்த முந்நூறு மூட்டையோடு கப்பல் கிளம்பிவிட்டது.

அடுத்த கப்பல் வரும்வரை ஊருக்குப் பாதி ரேஷன். மறுவாரம் விசாரணை.

"யாரைக் கேட்டு மூடினீர்?" என்றார் அதிகாரி.

"யாரையும் கேக்கல சாப். நானே எடுத்த முடிவு."

பதிவேட்டோடு இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. என் வேலை இன்னும் நிரந்தரமாகாத வருடம் அது. வாயைத் திறக்கவில்லை. அவரைத் துறையிலிருந்து எடுத்துக் கிடங்குக் காவலுக்குப் போட்டார்கள்.

இப்போது நானும் ஓய்வை நெருங்கும் ஓர் அதிகாரி. போன மாதம் எங்களுக்கு 'முடிவெடுத்தல்' என்று ஒரு பயிற்சி வகுப்பு. நிலைமையை அறிதல், பிறரைக் கலந்துகொள்ளுதல், காலத்தில் செயல்படுதல் என்று பலகையில் வரிசையாக எழுதினார்கள். ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன். மேஸ்திரி அதையெல்லாம் அன்று அரை நிமிடத்தில் செய்தவர். அதன்பின் விசாரணை அதிகாரி முன்னால் அவர் செய்தது அந்தப் பலகையில் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஐம்பது, நான்கு இருபது, ஐந்து: எல்லா நேரமும் சரியாக இருக்கிறது. 'மூடிடலாம்ணே' என்று நான் சொன்னதை மட்டும் எழுதவில்லை.