திறக்காத மெசேஜ்

எளிதில் கிடைக்காத பீர்களைத் தேடிக் குடித்து, ருசியைப் பற்றி வாதாடும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். போன கோடையில் எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டிலேயே இஞ்சி பீர் போட்டு, இரண்டு பாட்டில்களில் அடைத்துக் குழுவில் படம் போட்டேன்.

"நுரை அடங்கின அப்புறம்தானே மூடினீங்க?" என்று கேட்டார் ஸ்ரீரங்கத்து ரமேஷ்.

"குடிச்சுட்டுப் பேசுங்க சார்" என்று எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டினேன். மறுநாள் ஒரு பாட்டிலை அவரிடமே கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மதியம், நுரை அடங்குமுன் மூடியதில் உள்ளே வாயு சேர்ந்து, என்னிடமிருந்த பாட்டில் வெடித்தது. சமையலறைச் சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லு. நான் கூடத்தில் இருந்ததால் பிழைத்தேன். ரமேஷுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

பைக்கில் பறந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. மறுபடி மறுபடி அழைத்தேன். அந்தக் குழந்தையின் முகமே கண்முன் நின்றது.

கதவைத் திறந்தது ரமேஷ்தான்.

"பாட்டில் எங்க சார்?"

"மெதுவா பேசுங்க, பாப்பா தூங்குறா. போன்கூட சைலன்ட்ல இருக்கு. பாட்டிலை அன்னைக்கே திறந்து கொட்டிட்டேனே. உங்களதையும் கொட்டச் சொல்லித் தனியா மெசேஜ் போட்டேன், பாக்கலையா?"

பார்த்திருந்தேன். அவர் பெயரைப் பார்த்ததும் எரிச்சலில் திறக்காமல் விட்டிருந்தேன்.

என் பீரை யாராவது குறை சொன்னால் இன்றும் கோபம் வருகிறது. ஆனால் முழுவதும் படித்த பிறகுதான் கோபப்படுகிறேன்.